உப்புநீரும் 12 வோல்ட்டும்

சுவர்ணமுகி ஆறு பாகாலாவை ஒட்டிய மலைகளில் பிறக்கிறது. சித்தூர்ப் பக்கத்துப் புத்தலப்பட்டிலிருந்து அது அதிக தூரமில்லை. சந்திரகிரி, திருப்பதி, காளஹஸ்தி என்று ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அது கடலைத் தொடும் இடத்துக்குத் தெற்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. இந்த ஒரு ஆற்றின் போக்கில் மூன்று விதமான தண்ணீரில் மனிதர்கள் மீன் பிடிக்கிறார்கள். மேலே சித்தூர்ப் பக்கத்து ஏரிகளில் தெர்மாக்கோல் தெப்பத்திலோ, காற்றடித்த லாரி டியூபிலோ உட்கார்ந்து வலை வீசுகிறார்கள். பழவேற்காட்டில் ஒடுங்கிய படகைக் கோலால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கடலில் ஒரு காலத்தில் கட்டுமரம் போனது, இப்போது ஃபைபர் படகு போகிறது. இவற்றோடு சில ஆண்டுகளாகக் கயாக்கும் சேர்ந்திருக்கிறது. சென்னை, புதுச்சேரி கடற்கரைகளில் தூண்டிலோடு கயாக்கில் போகிறவர்கள் உண்டு. புத்தலப்பட்டு ஏரியில் ஒரு கயாக் இறங்கினால் இன்றைக்கும் ஊரே வேடிக்கை பார்க்கும். ஆனால் நான் சொல்லப்போவது கயாக், தெப்பம், டியூப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர் எல்லோரும் இன்று மடியிலோ காலடியிலோ பேட்டரி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

கயாக் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கொடுத்த கலம். மரம் அல்லது எலும்புச் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, இடுப்பு மட்டும் நுழையும் துளையில் உட்கார்ந்து போவார்கள். இப்போது மீன்பிடிக்கு விற்பது வேறு வகை. பாலிதீனில் ஒரே வார்ப்பாக வார்த்த, உள்ளே கூடான, மூடிய உடல். மேலே உட்காரும் பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து அடி வரைக்கும் ஊடுருவும் துளைகள். மேலே ஏறும் அலைத்தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கட்டுமரத்தின் பொறியியலும் இதுதான். மரங்களுக்கு இடையே இருக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும், போகும். நிரம்புவதற்குக் கட்டுமரத்தில் பள்ளமே கிடையாது, ஆகவே நிரம்பி மூழ்குவதும் கிடையாது. இரண்டிலும் உட்கார்ந்திருப்பவர் நனைந்தே தீரவேண்டும். கட்டுமரக்காரருக்கு அதில் நட்டம் ஒன்றும் இருக்கவில்லை, அவரிடம் இருந்ததெல்லாம் நனைவதற்கென்றே செய்த பொருள்கள். இன்றைய கயாக்கில் செல்போன், தலைவிளக்கு, மீனையும் ஆழத்தையும் காட்டும் சோனார் திரை, பிடித்த மீனை உயிரோடு வைக்கக் காற்று ஊதும் பம்ப், சில சமயம் ஒரு மின்மோட்டார் வரை இருக்கின்றன. நனைவதற்கென்றே கட்டிய கலத்தில், நனையவே கூடாத பொருள்களை ஏற்றியிருக்கிறோம்.

தண்ணீர் பட்டால் பேட்டரி ‘ஷார்ட்’ ஆகிவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது இன்னும் நிதானமானது, அதனால் இன்னும் மோசமானது. சுத்தமான நீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. கரைந்த உப்பின் அயனிகள்தான் கடத்துகின்றன. கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறக்குறைய 5 சீமென்ஸ். நம் ஊர் ஏரி நீரில் இது நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பழவேற்காடு இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போது அது கிட்டத்தட்ட நன்னீர். கோடையில் ஆவியாகி ஆவியாகிக் கடலையே மிஞ்சும் உப்பு. டிசம்பரில் நனைந்தும் பிழைத்த விளக்கு, மே மாதம் அதே இடத்தில் நனைந்து செத்துப்போவதற்குக் காரணம் தேடினால் இங்கேயிருந்து தொடங்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கு இடையே 2 சென்டிமீட்டர் தூரம், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் கடல்நீர் பாலம் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நீரின் மின்தடை 40 ஓம். ஓடும் மின்னோட்டம் 0.3 ஆம்பியர். தீப்பொறி பறக்காது, வெடிக்காது. கையில் பட்டால்கூடத் தெரியாது. ஆனால் நீரைப் பிளக்க 1.23 வோல்ட் போதும் என்பதால், உள்ளே மின்பகுப்பு தொடங்கிவிடும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். நேர்முனையில் செம்பு அயனியாகிக் கரையும், குளோரைடோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். 0.3 ஆம்பியர் முழுவதும் செம்பை அரிப்பதிலேயே செலவானால், ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள வயரில் 4 சென்டிமீட்டர் நீளம் காணாமல் போகும். சுவிட்சை அணைத்திருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் டெர்மினலுக்கு சுவிட்ச் கிடையாது. சர்க்யூட் பலகையில் இரண்டு கம்பிகளுக்கு இடையே இருப்பது மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அங்கே ஒரு சொட்டே போதும்.

நீர் உலர்ந்த பிறகும் உப்பு போவதில்லை. அது காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து ஒவ்வொரு இரவும் கொஞ்சம் நனைந்துகொள்ளும், மறுபடி மின்சாரம் கசியும். இந்தத் தாமதத்தின் ஆபத்தை உலகம் பெரிய அளவில் பார்த்தது 2012 அக்டோபரில். அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின்போது நியூவார்க் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த ஃபிஸ்கர் கர்மா மின்கார்கள் 16 எரிந்து போயின. எல்லோரும் அவற்றின் பெரிய லித்தியம் பேட்டரியைச் சந்தேகித்தார்கள். விசாரித்தபோது நிறுவனம் சொன்ன காரணம் வேறு. பல மணி நேரம் கடல்நீரில் கிடந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்பு அரித்து ஷார்ட் உண்டாக்கியது. அதற்கு மின்சாரம் கொடுத்தது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கயாக்கில் சோனாருக்கு நாம் மாட்டுவதும் 12 வோல்ட்தான். ஆகவே ‘சின்ன பேட்டரிதானே’ என்ற ஆறுதல் நமக்குக் கிடையாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே, நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் இருந்தாக வேண்டும். 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகூட நேரடி ஷார்ட்டில் 100 ஆம்பியருக்கு மேல் தள்ளும். மெல்லிய வயர் கண் இமைக்கும் நேரத்தில் சிவந்து, பாலிதீன் உடலைத் துளைத்துவிடும். ஃபியூஸை வயரின் மறுகோடியில், கருவிக்குப் பக்கத்தில் வைக்கிறவர்கள் கருவியைக் காப்பாற்றுகிறார்கள், வயரையும் தங்களையும் காப்பாற்றுவதில்லை.

இணைப்புகளுக்குச் செய்யவேண்டியது அதிகச் செலவில்லாதது. வெறும் செம்புக்குப் பதில் வெள்ளீயம் பூசிய வயர், முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் ஈயம் பற்றவைத்துச் சூட்டில் சுருங்கும் உறை, டெர்மினலின் மேல் கிரீஸ் அல்லது வாசலின். டேப் தண்ணீரைத் தடுப்பதாக நாம் நினைக்கிறோம். அது தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது.

அடுத்தது பெட்டி. எல்லோரும் நம்புவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். ஐ.பி. 67 என்றால் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்பதன் பொருள், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்த்தினாலும் கெடுதல் செய்யும் அளவு நீர் உள்ளே போகாது என்பது. சோதனை நடப்பது புதுப் பொருளில், அசையாத நன்னீரில். பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்று தனி இலக்கங்கள் உண்டு. அமிழ்தலில் தேறியது பீய்ச்சலிலும் தேறும் என்று அந்தத் தரநிலை உறுதி சொல்வதில்லை. கரைக்குத் திரும்பும்போது உடையும் அலை அமிழ்த்துவதில்லை, அறைகிறது. ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, தூண்டில் நரம்பின் ஒரு நூல் போதும், அச்சிட்ட எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அந்த வளையத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருப்பதி வெயிலில், கறுப்பு நிறப் பெட்டிக்குள் வெப்பம் 60 டிகிரிக்குப் போவது சாதாரணம். மதியம் பெட்டியைத் திறந்து போனை எடுத்துப் பேசிவிட்டு மூடுகிறீர்கள். இப்போது உள்ளே அடைபட்டது சூடான, விரிந்த காற்று. பத்து நிமிடத்தில் கயாக் கவிழ்கிறது, பெட்டி 28 டிகிரி நீரில் விழுகிறது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். பெட்டி விறைப்பானது, சுருங்காது, அதனால் உள்ளழுத்தம் குறையும். 333 கெல்வினிலிருந்து 301 கெல்வினுக்கு இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது 9.7 கிலோபாஸ்கல். ஒரு மீட்டர் ஆழத்து நீர் தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான்! பெட்டி நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும்போதே, ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதைப் போல நீரை உள்ளே உறிஞ்சும். வெயில் மட்டுமே அதன் அனுமதி முழுவதையும் செலவழித்துவிட்டது. நல்ல கருவிகளில் காற்றை விட்டு நீரை விடாத ஒரு சவ்வு வைத்து இந்த அழுத்த வேறுபாட்டைச் சமன் செய்கிறார்கள். நம் பெட்டிகளில் அது இருக்காது. ஆகவே பெட்டியைக் காலைக் குளிர்ச்சியில் மூடுவது, வெள்ளை அல்லது வெளிர்நிறப் பெட்டி வாங்குவது, பெட்டிக்கு மேல் ஈரத்துணி போர்த்துவது என்று மூன்றையும் செய்யலாம். மண்பானை நீர் குளிர்வதைப் போலவே துணியிலிருந்து ஆவியாகும் நீர் பெட்டியின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் எடுக்க வேண்டிய போனைத் தனி உறையில் வைத்துக்கொண்டால் பெரிய பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டாலும் உள்ளேயே நீர் பிறக்கும். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கனமீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம்தான் தாங்கும். பத்து லிட்டர் பெட்டியில் இந்த வித்தியாசம் இரண்டு சொட்டுக்குச் சற்றுக் குறைவு. அற்பமாகத் தோன்றும். ஆனால் அது குளிர்ந்த உலோகத்தைத் தேடிப்போய் உட்காரும், அதாவது டெர்மினலில். நனைந்த கையோடு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். மாத்திரை டப்பாக்களிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் சேர்த்துவைத்துப் போட்டால் போதும். அவை தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழுக்கும்.

பேட்டரியைத் தேர்வு செய்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சோனார் ஒரு ஆம்பியர் அளவில்தான் எடுக்கும், 7 ஆம்பியர்-மணி பேட்டரி அரை நாளுக்குத் தாங்கும். மோட்டார் என்றால் கதை வேறு. சின்ன மோட்டாரே முழு வேகத்தில் 30 ஆம்பியர் கேட்கும், அதற்குத் தனி பேட்டரி வேண்டும். ஈய பேட்டரி மலிவு, ஆனால் கனம். பாதிக்கு மேல் காலியாக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதே ஆற்றலுக்குப் பாதி எடைதான் இருக்கும், மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாது. சிறிய கலத்தில் எடைதான் சமநிலை. நான் அந்த வகையைத்தான் சொல்வேன். கனமான பேட்டரியை உயரத்தில் வைக்காமல் அடியில், நடுவில் வைத்து, வாரால் கட்டவேண்டும். கவிழும்போது நழுவும் பேட்டரி வயரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

எந்த வகையானாலும் மூடிய பெட்டிக்குள் வைத்து சார்ஜ் செய்யக்கூடாது. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆகக்கூடாதவை. ஏரியிலிருந்து வந்ததும், வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து எடுத்து, அந்தச் சூட்டோடு சார்ஜில் மாட்டுவது அதன் ஆயுளை நாமே வெட்டுவது. முதலில் நிழலில் ஆறட்டும்.

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசி மூட்டையில் புதைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வைத்தியம். அரிசி ஈரத்தை அப்படி ஒன்றும் வேகமாக இழுப்பதில்லை, தூளும் மாவும்தான் துளைகளுக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே தன் போன்களை அரிசியில் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. உப்புநீரில் விழுந்த போனுக்குச் செய்யவேண்டியது கேட்கும்போது விபரீதமாகத் தெரியும்: அணைத்துவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசவேண்டும். ஏற்கெனவே சொன்னபடி, உள்ளே காயும் உப்புதான் எதிரி. நீர் புகாத தரமுள்ள போன் என்றால் மெதுவாக ஓடும் குழாய் நீரில் காட்டி, துளை கீழே இருக்கும்படி தட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடலாம். முழுக்க உலரும் வரை சார்ஜர் பக்கமே போகக்கூடாது. ஈரமான துளையில் சார்ஜரை மாட்டுவது மேலே பார்த்த மின்பகுப்பை நாமே தொடங்கி வைப்பதாகும்.

உப்புநீர் உள்ளே போன லித்தியம் பேட்டரியை, அது நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022இல் இயன் புயல் வெள்ளத்தில் நனைந்த மின்கார்களில் சில, நீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பற்றின. சின்ன பேட்டரியில் தீ சின்னதாக இருக்கும், ஆனால் தூங்கும் அறையில் அது சின்னதல்ல. வெளியே, திறந்த வெளியில், மணல் போட்ட தகர டின்னில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடவேண்டும்.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. ஆளைப் பற்றிப் பேசும்போது என் கருத்து கறாரானது. தண்ணீரில் விழுந்தவரை முதல் பத்து நிமிடம் காப்பாற்றுவது பேட்டரி இல்லாத ஒன்றுதான், லைஃப் ஜாக்கெட். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஏரியின் பெரும்பகுதியில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பது இந்தச் செய்தியை இன்னும் கனமாக்குகிறது. ஆழமில்லாத இடம் ஆபத்தில்லாத இடம் என்ற எண்ணம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. ஆழம் குறைந்த அகன்ற நீர்ப்பரப்பில் காற்று எழும்பினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும், சிறிய கலத்தை அதுதான் கவிழ்க்கும். அடியில் சேறு காலை விடாது. நம் ஊர் ஏரிகளில் வேறு பொறிகள் இருக்கின்றன. வண்டல் அள்ளிய குழிகள், நீருக்கடியில் மூழ்கி நிற்கும் சீமைக்கருவேல முள், யாரோ விட்டுப்போன வலை. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவது அந்தக் குழிகளில்தான்.

லைஃப் ஜாக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் மேல் மரியாதை வரும். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. மூச்சை நிறைத்தால் பலரும் மிதப்பார்கள், மூச்சை விட்டால் மூழ்குவார்கள். எழுபது கிலோ மனிதருக்கு எழுபது கிலோ தாங்கும் மிதவை தேவையில்லை. நீருக்கு வெளியே நிற்கவேண்டிய தலையின் எடையை ஈடுகட்டினால் போதும், அது நாலைந்து கிலோ. சர்வதேசத் தரத்தில் மிகக் குறைந்த வகை 50 நியூட்டன் என்று குறித்திருப்பது இந்த ஐந்து கிலோ உந்துதலைத்தான். நீந்தத் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு அது போதும். நினைவிழந்தவரை மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைக்க 100, 150 நியூட்டன் வகைகள் வேண்டும். கடலுக்குப் போகிறவர் அதைத்தான் வாங்கவேண்டும். கிணற்றில் நீச்சல் பழக முதுகில் சுரைக்குடுக்கை கட்டிய தலைமுறைக்கு இந்த அறிவியல் கையோடு தெரிந்தது. ஆனால் குடுக்கையும் காலி கேனும் கயிறு நழுவினால் போய்விடும். ஜாக்கெட்டின் கவட்டு வாரும் இடுப்பு வாரும் இருப்பது அது தலைக்கு மேல் உருவிக்கொள்ளாமல் இருக்கத்தான். ‘வேர்க்கிறது, கை வீசமுடியவில்லை’ என்று கழற்றிக் காலடியில் வைக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களுக்காகவே முதுகில் மெலிந்து, தோள்பட்டை அகன்று வெட்டிய வகைகள் வந்துவிட்டன. கவிழ்ந்த பிறகு நீரில் தத்தளித்துக்கொண்டு அதை அணிந்து பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அவர்களே கழற்றமாட்டார்கள்.

நம் நீர் சூடானதுதானே, குளிரால் என்ன வரும் என்றும் கேட்பார்கள். நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல் 24 மடங்கு. 28 டிகிரி நீரும் 37 டிகிரி உடலிலிருந்து விடாமல் வெப்பத்தை உருவிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது கொல்லாது. ஆனால் நேரம் நீள நீள உடல் சோர்ந்து, விரல்கள் தளர்ந்து, போன் உறையின் பூட்டைத் திறப்பதே கடினமாகிவிடும்.

அங்கேதான் பேட்டரி மறுபடி கதைக்குள் வருகிறது. மிதப்பது ஜாக்கெட்டின் வேலை, ஆளை வரவழைப்பது போனின் வேலை. போன் கயாக்கில் கட்டப்பட்டிருந்தால், காற்று கயாக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது போனும் போய்விடும். நீர் புகாத உறையில், சட்டைக்குள்ளோ ஜாக்கெட்டின் பையிலோ, உடம்போடு கட்டியிருக்கவேண்டும். தொடுதிரை விரல் பட்டதும் மாறும் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புநீர்ப் படலம் திரை முழுவதையும் விரலாகக் காட்டிக் குழப்பும். அதனால் பொத்தானை நம்புவது நல்லது. இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர அழைப்புப் பொத்தான் இருக்கவேண்டும் என்று 2016இல் விதி வந்தது. கீபேட் போன்களில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிப்பது அந்த ஏற்பாடு. உங்கள் போனில் அது எப்படி என்பதைக் கரையில் வைத்தே பார்த்துவையுங்கள். எங்கிருந்தாலும் 112, கடலில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீஸுக்கு 1093. கழுத்தில் ஒரு விசிலும் தொங்கட்டும்.

போன் கோபுரத்தின் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டம் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையைச் சொல்ல வழியில்லை. அதன் பிறகு 2019இல் ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிப் புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும் ‘ஜெமினி’ கருவி வந்தது. படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் கருவி 2010 முதலே இருந்தது. 2024 ஜனவரியில் அதன் இரண்டாம் தலைமுறை வந்தது. ‘உங்கள் அழைப்பு கிடைத்துவிட்டது’ என்று கட்டுப்பாட்டு மையம் படகுக்குத் திருப்பிச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. உதவி வருகிறது என்று தெரிந்தவர் துடுப்பை விடமாட்டார், ஆகவே அந்தப் பதிலை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அந்தத் தீவுதான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. ராக்கெட் புகையை அண்ணாந்து பார்க்கும் படகுக்காரரின் மடியில் அதன் பயன் போய்ச் சேர, ஒரு சின்ன பேட்டரி நனையாமல் இருக்கவேண்டும்.

வயர்லெஸ் கருவி வாங்கியவர்கள் அதன் தூரத்தைப் பற்றி அதிகம் நம்பிவிடுகிறார்கள். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. ஒரு மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு அடிவானம் 4 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு கயாக்குகள் பேசிக்கொள்ள அதிகபட்சம் 8 கிலோமீட்டர். கரையில் 30 மீட்டர் கோபுரம் இருந்தால் 26 கிலோமீட்டர் வரைக்கும் எட்டலாம். நீரில் கிடப்பவர் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் கிலோமீட்டர் கணக்கில் லாபம்.

மின்னல் வேறு விஷயம். போன் மின்னலை இழுக்கும் என்பது தவறு, அதற்காக அதை அணைத்து வைத்து எச்சரிக்கை வராமல் செய்துகொள்ளாதீர்கள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி இதற்கென்றே இருக்கிறது. கார்பன் நார்த் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். சமதளமான நீரில் அதை நிமிர்த்தி வைத்திருப்பவர்தான் அந்தப் பரப்பின் உயரமான புள்ளி. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கோலைப் படுக்கவைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிடவேண்டும். சித்தூர்ப் பக்கத்தில் சித்திரை, வைகாசிக் கோடைமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும், மீன் கடிப்பதோ விடிகாலையில்! இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போகவேண்டிய நேரம் தானே கிடைத்துவிடும்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்து ஏரியில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 12 வோல்ட் நனைந்த கையை ஒன்றும் செய்யாது, இன்வெர்ட்டர் வெளியிடும் 230 வோல்ட் கொல்லும். நன்னீரைவிட மனித உடல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அதனால் நீரில் பரவும் மின்சாரம் அங்கே நிற்கும் காலைத் தேடி வரும். மீன்குஞ்சுகள் அழிவது தனி.

பழவேற்காட்டில் யார், எந்த இடத்தில், எந்த முறை வலை போடுவது என்பதை மீனவர்களே ‘பாடு’ என்ற ஏற்பாட்டில் தலைமுறைகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஏரியின் பகுதிகள் பறவைச் சரணாலயம். ஊர் ஏரிகளில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருப்பார். பொழுதுபோக்காகப் போகிறவர் முதலில் கேட்டுக்கொண்டு இறங்கவேண்டும். அப்படிக் கேட்கும்போதே எங்கே குழி, எந்தப் பக்கம் முள், காற்று எப்போது திரும்பும் என்பதையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்தச் சோனார் திரையும் அவ்வளவு சொல்லாது.

எல்லாம் வாங்கிய பிறகு, மீன் பிடிக்காத ஒரு நாளை இதற்காக ஒதுக்கவேண்டும். தெரிந்த இடத்தில், இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரோடு, ஜாக்கெட் அணிந்துகொண்டு கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். முதல் தடவை பெட்டிக்குள் பேட்டரி வேண்டாம், அதே எடையில் மணல் பையும் ஒரு தாள் துண்டும் போதும். கவிழ்ந்ததும் பார்க்கவேண்டியவை: பெட்டி கட்டில் நின்றதா, துடுப்பு கயிற்றோடு இருக்கிறதா, கயிறு ஏதாவது உங்கள் காலில் சுற்றியதா, சுற்றினால் அறுக்கக் கத்தி கைக்கு எட்டியதா. பிறகு குறுக்காக வயிற்றைப் போட்டு, கால்களை உதைத்து மேலே ஏறுங்கள். இரண்டு தடவையில் வரவில்லையென்றால் பக்கவாட்டில் ஒரு மிதி கயிறு கட்டிக்கொள்ளலாம். கரைக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்தத் தாளைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் பெட்டியின் ரப்பர் வளையத்தை மாற்றவேண்டும், இல்லையென்றால் பெட்டியையே.